மழையும் மனத்துயரும்

மழைக்காலம் மனத்தைச் சோர்வுறச் செய்யும். அச்சோர்வே சிலரை உயிர் துறக்கத் தூண்டும் என்று கூறுவாருளர். கார்காலத்து மாலையில் தலைவி கலங்கும் முல்லைப் பாட்டுகளை அவர்கள் சான்று காட்டுவர். இக்கூற்று பாதியே உண்மை.

நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, தொழில் முதலியன கருப்பொருள். உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இது தொல்காப்பியர் வகுத்த நெறி. கார் முல்லைக்குரியதே. ஆயினும் தலைவியை வாட்டுவது முகிலன்று. கார் தொடங்குமுன் மீள்வேன் என்று தலைவன் சொன்ன சொல். அவன் தேர் வந்துவிடின் அதே மழை இன்பமாகிறது.

ஐரோப்பாவில் தற்கொலை மிகுவது இருண்ட குளிர்காலத்திலன்று, பகல் நீளும் மாதங்களில் என்று எமில் துர்க்கைம் 1897இல் காட்டினார். இந்தியாவை ஆராய்ந்து தம்மா கார்ல்டன் 2017இல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. பயிர் வளரும் பருவத்து வெப்பம் தற்கொலையை மிகுவித்தது. மற்றைப் பருவத்து வெப்பம் மிகுவிக்கவில்லை. வானுக்கும் உயிருக்கும் இடையே விளைச்சல் என்னும் கருப்பொருள் நின்றது. எனினும் முதற்பொருளுக்கு வலியே இல்லை என்பதும் மிகை. அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் மாத வெப்பம் ஒரு பாகை கூடியபோது தற்கொலை முறையே 0.7, 2.1 விழுக்காடு உயர்ந்ததென 2018இல் வந்த ஆய்வு கூறுகிறது.

ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். பட்டை நனைந்தால் பால் மரம் சீவ இயலாது. வருமானம் குறையும், கடன் ஏறும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை வெள்ளம் சூழ்ந்தபோது பல்லாயிரவர் வீட்டை விட்டு வெளியேறினர். இத்தகைய நாளில் ஒருவர் மனமுடைந்தால் மழையை மட்டும் பழித்தல் எளிது. அடுப்பையும் கடனையும் தனிமையையும் நோக்குதலே கடமை.

தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டப் பிரிவை மலேசியா 2023இல் நீக்கியது. துயருற்றவர் இனித் தயங்காது துணை தேடலாம். துணையாவார் யார்? குறுந்தொகை 66ஆம் பாட்டில், கொன்றை பூத்தது கண்டு கலங்கிய தலைவியிடம், இது காரன்று, பருவம் தப்பிய மழை என்கிறாள் தோழி. மழையை நிறுத்த அவளால் இயலாது; தலைவியைத் தனியே விடாதிருக்க இயன்றது. முல்லையைக் கற்பிப்போர் தலைவியின் கண்ணீரோடு தோழியின் இச்செயலையும் கற்பித்தல் வேண்டும்.