யூடோரா வெல்ட்டி: ஒரு உரை, ஒரு கதை, ஒரு தெரு

மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் யூடோரா வெல்ட்டியைக் கௌரவித்து யார் மேடையேறினாலும் 1963-ஐத் தொட்டே ஆகணும். அந்த வருஷம் ஏப்ரலில் அவரே மில்சாப்ஸ் கல்லூரியில் உரையாற்றினார். அப்போது அது வெள்ளையருக்கு மட்டுமான கல்லூரி. அரங்கில் கறுப்பினத்தவரையும் அனுமதிக்கணும்னு வெல்ட்டி கேட்டார், டூகலூ கல்லூரியிலிருந்து வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு என்னவோ புனைகதை எழுதுவது பற்றித்தான்.

ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. ஜூன் 12 நள்ளிரவு தாண்டியதும், என்ஏஏசிபி அமைப்பின் களச் செயலாளர் மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில், முதுகில் சுடப்பட்டார். வயசு 37. கொன்றவன் யாரென்று தெரியாத நிலையிலேயே, அவன் தன் வாயால் சொல்வதுபோல வெல்ட்டி ஒரு கதை எழுதினார்: 'வேர் இஸ் த வாய்ஸ் கமிங் ஃப்ரம்?' அச்சாகும் முன் பைரன் டி லா பெக்வித் கைதானதால், வழக்கைப் பாதிக்கக் கூடாதென்று பெயர்களையும் இடங்களையும் நியூயார்க்கர் மாற்றியது. ஜூலை 6 இதழில் வந்தது.

இந்தக் கதையை வெறும் 'துணிச்சல்' என்று புகழ்ந்து நிறுத்துவது எனக்குப் போதவில்லை. அதன் பலம் பொறாமையைக் கண்டுபிடித்ததில் இருக்கிறது. கதைசொல்லி மச்சானின் வண்டியை இரவல் வாங்கி வருகிறான். சாகப் போகிறவரிடமோ புதுக் கார், பச்சைப் புல்தரை, அவருக்காக எரியவிட்ட விளக்கு. இவன் கணக்குப் பார்க்கிறான். கொள்கை வெறி என்று நாம் சொல்வதற்கு அடியில் இந்தச் சில்லறைக் கணக்கு ஓடுவதை, வெல்ட்டி கோஷம் எதுவுமில்லாமல் காட்டிவிடுகிறார்.

ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. பெக்வித் அப்படிப்பட்ட ஏழை இல்லை. கிரீன்வுட்டில் உர விற்பனையாளன், நொடித்துப்போன பழைய பெரிய குடும்பத்து ஆள். வெறுப்பைப் பரம ஏழை வெள்ளையன் தலையில் கட்டுவது, கனவான்களுக்கு ரொம்ப வசதி. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 1964-ல் ரெண்டு தடவை முடிவுக்கு வராமல் கலைந்ததே, அங்கே உட்கார்ந்திருந்தவர்களையும் இந்தக் கதை தொடவில்லை. தண்டனை 1994-ல்தான் வந்தது. அதுவரை விடாமல் போராடியவர் எவர்ஸின் மனைவி மர்லி.

இன்னொன்று, கொல்லப்படும் ரோலண்ட் சம்மர்ஸ் கதைக்குள் ஒரு முதுகு, ஒரு நிழல், அவ்வளவுதான். வடிவம் அப்படி, கொலைகாரன் பார்ப்பது அதைத்தான் என்று சொல்லலாம். ஒத்துக்கறேன். ஆனா அந்த வடிவத்தைத் தேர்ந்ததும் வெல்ட்டிதானே. வெள்ளையனின் மனசுக்குள் போக அவருக்கு வழி தெரிந்திருந்தது. எவர்ஸின் வீட்டுக்குள் அவர் போகவே இல்லை.

அந்த வீடு இருந்த கைன்ஸ் தெருவிலேயே இன்னொரு எழுத்தாளர் குடியிருந்தார்: மார்கரெட் வாக்கர். 1942-லேயே யேல் இளங்கவிஞர் பரிசு வாங்கியவர், ஜாக்சன் ஸ்டேட்டில் முப்பது வருஷம் கற்பித்தவர். பக்கத்து வீட்டுக்காரராக எவர்ஸை அறிந்தவர், அவர் நினைவாக 'மைக்கா' என்று ஒரு கவிதையும் எழுதினார். அமெரிக்கச் சிறுகதை என்றதும் வெல்ட்டி பெயரைச் சொல்கிற நம்மில் எத்தனை பேர் வாக்கரைப் படித்திருப்போம்? கதையையும் கவிதையையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள், முதலில் கவிதையை. அந்தத் தெருவுக்கு இப்போது மார்கரெட் வாக்கர் அலெக்ஸாண்டர் டிரைவ் என்று பெயர்.