கல் யாரிடம் பேசுகிறது?

மாசிக் கொடை தொடங்கிவிட்டால் மண்டைக்காட்டுக் கடற்கரையிலே மணலைக் காண்பது அரிது. மனிதத் தலைகளைத்தான் காணலாம். கேரளத்திலிருந்து இருமுடி சுமந்து பெண்கள் வருகின்றனர். ஆள் உயரத்தை விஞ்சி நிற்கும் புற்றைப் பகவதி என்று போற்றி வணங்குகின்றனர். தலைவலி தீர மண்டையப்பம். கண்ணோய் தீரக் கண் வடிவிலே ஒரு தகடு. காலுக்கு ஒரு கால். தகடு நோய் தீர்க்குமா, மருத்துவர் தீர்ப்பாரா என்ற வழக்கை இந்த ஏட்டின் தோழர்களிடம் நாம் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. இன்று நாம் சுட்ட விரும்புவது வேறு. அந்தத் தகட்டிலே பெயர் இல்லை. மீன் கூடை சுமந்தும், கயிறு திரித்தும், வயலிலே நாற்று நட்டும் சேர்த்த காசைக் கொடுத்துவிட்டு, அந்தத் தாய் தன் பெயரைக்கூடச் சொல்லாமல் திரும்பிவிடுகிறாள்.

ஆனால் நம் நாட்டுக் கோயில்களிலே தொங்கும் குழல் விளக்கைப் பாருங்கள்! இருள் நீக்கவென்று மாட்டிய விளக்கு. அதன் மேனி முழுதும் கருப்பு மையிலே எழுத்து: இன்னார் உபயம், இந்தக் கடையின் உரிமையாளர், இன்னாரின் மைந்தர். வெளிச்சத்தில் பாதியைப் பெயரே விழுங்கிவிடுகிறது. எல்லாம் அறிந்தவன் ஆண்டவன் என்கிறார்களே, அவனுக்கு இந்த விலாசம் எதற்கு? யார் கொடுத்தது என்று எழுதிக் காட்டினால்தான் விளங்குமோ?

இந்தக் குழல் விளக்குக்கு நாலாயிரம் ஆண்டு வயதான பாட்டன் ஒருவன் உண்டு. இன்றைய ஈராக்கிலே தெல்லோ என்னும் மண்மேட்டை 1877 முதல் பிரெஞ்சுத் தூதர் எர்னஸ்ட் தெ சார்செக் அகழ்ந்தார். சுமேரியரின் லகாசு நாடு அங்கே புதைந்து கிடந்தது. கி.மு. 22ஆம் நூற்றாண்டிலே அதனை ஆண்ட குடியாவின் கற்சிலைகள் பல வெளிவந்தன. அவற்றுட் பல இன்று பாரிசின் லூவர் காட்சிக் கூடத்திலே உள்ளன. கை கூப்பி நிற்பவை சில, அமர்ந்திருப்பவை சில; ஆடையெங்கும் ஆப்பெழுத்து. எல்லாம் ஒரே வாய்பாடு: இன்ன தெய்வத்துக்கு, இன்ன அரசன், இன்ன கோயிலைக் கட்டினான், தன் நல்வாழ்வுக்காக இதனைப் படைத்தான்.

சுமேரியரின் ஊர் என்னும் நகரப் பெயரைக் கேட்டதுமே நம்மவரிற் சிலர் துள்ளிக் குதிப்பர். ஒலி ஒத்தால் உறவென்பது ஆராய்ச்சி ஆகாது. நாம் காட்ட வருவது இன உறவன்று, வழக்கத்தின் உறவு. கொடைக் கல்வெட்டு ஓர் இலக்கிய வகை. அதற்குத் தலைவன் உண்டு, உவமை உண்டு, மிகை உண்டு, மறைப்பும் உண்டு. பக்திச் சான்று என்று கும்பிட்டு ஒதுக்காமல், ஒரு நூலைத் திறனாய்வது போல அதனைத் திறனாய வேண்டும்.

குடியாவின் சிலைகளிலே தலையிழந்து அமர்ந்திருக்கும் ஒன்று, நின்கிர்சு தெய்வத்தின் கோயிலுக்காகச் செய்தது. நான் வெள்ளியன்று, செம்பன்று, வெண்கலமன்று. வன்கல்லே ஆவேன், ஆகவே என்னை எவரும் உருக்கிக் கொண்டுபோகார் என்ற கருத்து அதன் எழுத்திலே வருகிறது. கவனித்தீர்களா? தெய்வத்தின் வீட்டிலே திருட்டு நடக்கும் என்பது அரசனுக்குத் தெரியும்! இந்தப் படையலைக் குறைப்பவன் மேல் தேவர்களின் சாபம் விழட்டும் என்று வேறு எழுதி வைத்தான். நம் கல்வெட்டுகளின் கடைசி வரியையும் நினைத்துக்கொள்ளுங்கள்: இதனை அழிப்பவன் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவம் கொள்வான்! கொடுத்தவனுக்கு அச்சம், வாங்கிய தெய்வம் தன் பொருளைத் தானே காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை எழுதியவனுக்கே இல்லை. நாத்திகர் என்று நம்மைத் தூற்றுவோர் இந்தச் சாப வரிகளை ஒருமுறை நின்று படிப்பாராக.

அதே சிலையிலே இன்னொரு பெருமை. கோயில் முடிந்தபோது ஏழு நாள் விழா. அந்த ஏழு நாளும் அடிமைப் பெண் எசமானிக்கு நிகராக இருந்தாளாம், அடிமை ஆண்டையின் பக்கத்திலே நடந்தானாம். படித்ததும் மனம் குளிர்கிறது. ஏழு நாளேனும் நினைத்தானே என்று பாராட்டவும் தோன்றுகிறது. எட்டாவது நாள்? கல் வாயைத் திறக்கவில்லை. அதுமட்டுமா! கோயில் பணி தொடங்குமுன் தூய்மையற்றோர் என்று கருதப்பட்டவர்களை நகரை விட்டே அகற்றியதாகவும் அதே எழுத்து சொல்கிறது. சமத்துவமும் தீட்டும் ஒரே கல்லின் மடியிலே! திருவிதாங்கூரிலே இத்தனை அடி விலகி நில் என்று அளந்து வைத்த கதையை அறிந்த நமக்கு இது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றுகிறதா?

அதிகாரிகளின் காணிக்கை இன்னும் வேடிக்கை. ஊர் நகரின் மன்னன் சுல்கியின் காலத்திலே முத்திரைக் கல்லும் கற்கிண்ணமும் படைத்தவர்கள், அரசனின் நல்வாழ்வுக்காக என்று எழுதிப் படைத்தார்கள். கிண்ணம் கடவுளுக்கு, வாசகம் மேலதிகாரிக்கு! இந்தக் கலை இன்றும் அழிந்துபோகவில்லை.

எல்லாக் கல்லும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. குடியாவுக்கு முன்பே, கி.மு. 24ஆம் நூற்றாண்டிலே, அதே லகாசை ஆண்டவன் உருககினா. அவனும் நின்கிர்சுவின் பெயரைச் சொல்லித்தான் எழுதினான். ஆயின் அவன் எழுத்திலே கணக்கு இருக்கிறது. பிணத்தை அடக்கம் செய்ய முன்பு ஏழு குடம் மதுவும் 420 அப்பமும் கறந்தார்கள். அதனை மூன்று குடமாகவும் 80 அப்பமாகவும் குறைத்தேன் என்கிறான். படகைப் பறித்த மேலாளரை நீக்கினேன் என்கிறான். கைம்பெண்ணையும் அனாதையையும் வலியவன் கையிலே ஒப்புவிக்க மாட்டேன் என்று தெய்வத்தோடு உடன்படிக்கை செய்தேன் என்கிறான். கருமாதிக் கட்டணத்தைக் கல்வெட்டிலே குறைத்த அரசன்! அவன் ஆட்சி நீளவில்லை. சில ஆண்டுகளிலே உம்மா நகரின் லுகல்சகேசி படையெடுத்து லகாசைச் சூறையாடினான். ஆயினும் கொடை எழுத்தை முறையீட்டுப் பத்திரமாக மாற்றிய முதல் ஆட்களில் அவன் ஒருவன்.

இந்த உரைகல்லை எடுத்துக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலிலே இராசராசன் தான் கொடுத்ததையும் தமக்கை கொடுத்ததையும் தேவியர் கொடுத்ததையும் மற்றவர் கொடுத்ததையும் வெட்டச் சொன்னான். அங்கே அவன் சொல்லும் சொல் 'நாம்'. (இந்தக் கட்டுரையிலும் 'நாம்' வருகிறது, அதற்குப் பின்னால் படையும் பண்டாரமும் இல்லை.) பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் கல்லிலே இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், பெயரோடும் வந்த ஊரோடும் தெரு வீட்டோடும் 1014ஆம் ஆண்டளவிலே பதிவாயினர். ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். வேறெந்த அரசனின் கல்லிலே இத்தனை எளிய பெண்களின் பெயர்களைக் காண்கிறோம்? ஆனால் வர விரும்பினாயா என்று அந்த 400 பேரிலே ஒருத்தியைக் கேட்டதாக ஒரு வரி இல்லை.

பொன்னும் வெள்ளியும் எங்கிருந்து வந்தன? அதனையும் கல்லே சொல்லிவிடுகிறது: மலைநாட்டிலே சேரனையும் பாண்டியரையும் வென்று கைக்கொண்ட பண்டாரம்! ஒரு நாட்டுக் கொள்ளை இன்னொரு நாட்டுக் கோயிலிலே கொடையாயிற்று. இதனை ஒளிக்காமல் எழுதிய துணிவுக்காகவேனும் அவனை மதிக்கலாம். ஒளிக்கவேண்டிய குற்றமென்றே அன்று எவரும் எண்ணவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும்.

குமரி மாவட்டத்துக்குள்ளே முஞ்சிறைக்கு அருகில் பார்த்திவபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் அங்கே திருமால் கோயிலும் சாலையும் அமைத்த செப்பேடு புகழ் பெற்றது. சாலையிலே 95 இடங்கள். அவற்றை வேதப் பிரிவுகள் மூன்றுக்கு 45, 36, 14 என்று பங்கிட்டார்கள். கூட்டிப் பாருங்கள், 95 சரியாக வரும். உழவன் மகனுக்கு மீதி எதுவும் வராது.

இவையெல்லாம் நிலம், பொன், ஆடு, விளக்கு. மண்டைக்காட்டுக்கு அண்டையிலே, பத்மநாபபுரம் தலைநகராயிருந்த காலத்திலே, ஒரு நாடே காணிக்கையாயிற்று. 1741இல் குளச்சலிலே டச்சுப் படையை முறியடித்த மார்த்தாண்ட வர்மா, 1750 சனவரியிலே, கொல்லம் 925 மகரம் 5ஆம் நாள், திருவிதாங்கூர் முழுவதையும் அனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்து, வாளையும் சந்நிதியிலே வைத்துத் திரும்பப் பெற்றான். திருப்படித்தானம் என்பது அதன் பெயர். அன்று முதல் அரசர் பத்மநாபதாசர், அடியவர்! லகாசின் மன்னனும் தன்னை என்சி என்றுதான் சொல்லிக்கொண்டான். நாட்டுக்கு உரியவர் தெய்வம், தான் அவர் சார்பிலே ஆள்பவன் மட்டுமே என்பது அதன் பொருள்.

என்ன பணிவு என்று வியப்பார் உளர். பணிவின் பயனைப் பாருங்கள். அரசனை எதிர்த்தால் அரசத் துரோகம்; ஆண்டவனின் அடியவனை எதிர்த்தால் சாமித் துரோகமும் சேர்ந்துகொள்கிறது. வரி வாங்குவது அரசனன்று, தெய்வம். கூலியில்லா ஊழியம் கேட்பதும் தெய்வமே. தலைவரி கட்டியவன் யாரிடம் முறையிடுவான்? திருப்படித்தானம் நடந்து நூறாண்டுக்கு மேல் கழித்து, 1855இலேதான் அங்கே அடிமை முறை ஒழிந்தது; 1859இலேதான் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு அரச அறிவிப்பு வந்தது. கொடுத்தவன் பெயரை எல்லோரும் அறிவர். கொடுக்கப்பட்ட நாட்டிலே உழுதவனைக் கேட்டா கொடுத்தான்? தன் உழைப்பால் விளைந்ததைத் தெய்வத்தின் சொத்தாக எழுதி, அதிலே தன்னையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அவனுக்கு யாரேனும் படித்துக் காட்டினார்களா?

படிப்பதற்கு அவனை அருகே விட்டால்தானே! சுசீந்திரம் கோயிலின் கல்லிலே விளக்குக் கொடையும் நிலக் கொடையும் வெட்டப்பட்டு நூற்றாண்டுகள் ஆயின. அந்த நிலத்திலே சேற்றை மிதித்தவர்கள் கோயிலைச் சூழ்ந்த தெருவிலே கால் வைக்கக் கூடாது. தெருவிலே நடக்கும் உரிமைக்காக 1926இல் அங்கே சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. கோயிற் கதவு திறந்தது 1936 நவம்பர் 12ஆம் நாள் அறிவிப்புக்குப் பிறகு. அந்த அறிவிப்பை நம்பி உள்ளே போன முதல் தலைமுறை, தன் பாட்டன் பூட்டன் நெல்லால் எரிந்த விளக்கின் கணக்கை நேரிலே பார்த்தது. எழுத்துகளிற் பல, எப்போதோ வழக்கொழிந்துபோன வட்டெழுத்தாக இருந்தன.