கருத்து மட்டும் கலையாகுமோ?

கலைப்பொருளைவிட அதன் பின்னுள்ள கருத்தே முதன்மையானது என்பது கருத்துக்கலையின் அடிப்படைக் கொள்கை. 1917இல் மார்செல் டூஷாம்ப், கடையில் வாங்கிய சிறுநீர்க் கழிப்புத் தொட்டியில் வேறொரு பெயரைக் கையொப்பமாக எழுதி நியூயார்க் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பினார். அமைப்பாளர் அதனைக் காட்சிக்கு வைக்க மறுத்தனர். அவர் அதைத் தம் கையால் செய்யவில்லை. தெரிந்தெடுத்ததே அவர் செய்த கலைச்செயல். 1965இல் ஜோசப் கொசுத் ஒரு நாற்காலி, அதன் நிழற்படம், அகராதி கூறும் பொருள் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, இவற்றுள் நாற்காலி எது என நம்மை எண்ணவைத்தார். 1967இல் சால் லெவிட் இக்கொள்கையைக் கட்டுரையாக வகுத்தார். முடிவுகள் யாவும் திட்டத்திலேயே அடங்கிவிடுகின்றன. செய்து முடிப்பது வெறும் கடமையளவே என்பது அவர் வாதம். 1968 முதல் அவர் சுவரோவியங்களை அமைத்தார். அவர் எழுதித் தந்த குறிப்பைக் கொண்டு பிறர் வரைவதும், காட்சி முடிந்ததும் வெள்ளையடிப்பதும், வேறிடத்தில் அதையே மீண்டும் வரைவதும் பின்னர் வழக்கமாயின.

இக்கொள்கையைச் சோதித்துப் பார்க்க நியூயார்க் செல்ல வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து, விடியற்காலையில் திருவரங்கத்து உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ நடந்தால் போதும். ‘15 புள்ளி, 8 வரை ஊடு புள்ளி’ என்னும் ஒரே வரி ஒரு புள்ளித் தளத்தை முழுமையாக வரையறுத்துவிடுகிறது. தெரிந்த எவர் கையும் அதனை இடலாம். வெயில் ஏறுமுன் காலடிகளில் அது கலைந்துபோம். கோலமோ நினைவில் நிலைத்திருக்கும். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, உடன் ஆய்வாளர் இருவருடன் கணிப்பொறியியலின் இலக்கண விதிகளால் கோலங்களை விளக்கி 1974இல் கட்டுரை வெளியிட்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆயினும் கோலத்தைக் கருத்துக்கலையின் முன்னோடி எனப் பெருமை பேசுதல் பொருந்தாது. லெவிட்டின் சுவரோவியத்துக்குச் சான்றிதழ் உண்டு; அதனை விற்கலாம், வாங்கலாம். கோலத்துக்குக் கையொப்பமும் இல்லை, உரிமையாளரும் இல்லர். மேலும், கோலமிடும் பெண்ணுக்குச் செய்து முடிப்பது வெறும் கடமையன்று. விதி தெரிந்திருப்பதால் வாசல் நிறைவதில்லை. நேற்றைய கோலம் இன்றைக்கு ஆவதுமில்லை. நாள்தோறும் குனிந்து, விரலிடுக்கில் மாவை ஒழுகவிட்டு இழைத்தாக வேண்டும்.

அவ்வூர்த் தெற்கு இராசகோபுரமும் இதற்குச் சான்று. பல நூற்றாண்டுகள் அடிப்பகுதியோடு நின்ற அது, 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக 1987இல்தான் நிறைவுற்றது. கருத்தே போதுமெனின் அது என்றோ நிறைவுற்ற கோபுரமாயிருக்கும். ஊராரோ அதனை மொட்டைக் கோபுரம் என்றே அழைத்து வந்தனர்.

கலையின் மதிப்பைத் தீர்மானிப்பது யார், கைத்திறனா கண்காட்சிச் சாலையா எனக் கேட்கத் துணிந்தது கருத்துக்கலையின் நற்பணி. அதனை நாம் மறுக்கலாகாது. ஆனால் கையையும் மண்ணையும் கருத்தின் ஏவலராக்கியது அதன் குறை. வார்த்தை மாம்சமானதை அறிக்கையிடும் நமக்கு இக்குறை அயலானதன்று. அருளுரையின் கருத்தை ஆழ்ந்து ஆயத்தம் செய்துவிட்டு, அப்பம் பிட்கும் செயலை விரைந்து முடிக்கவேண்டிய சடங்காக எண்ணும் பணியாளர், லெவிட்டின் கட்டுரையைப் படியாமலே அவர் மாணவராகிவிட்டார். அவர் ஒருநாள் விடியலில் அவ்வீதியில் சற்று நின்று பார்ப்பது நலம்.