எண் இல்லாத வரிசை

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் மார்ச் கடைசியில் சேர்க்கை முடிவுகளை அறிவிக்கின்றன. விண்ணப்பித்த பிள்ளை தன் இணையக் கணக்கைத் திறந்தால் இடம் கிடைத்தது என்றோ கிடைக்கவில்லை என்றோ இருக்கும். இரண்டுமில்லாமல், ‘காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறோம், விருப்பம் இருந்தால் தெரிவிக்கவும்’ என்று ஒரு கடிதம் வருவதும் உண்டு. ‘இல்லை’ என்ற பதிலுக்கு ஒரு வாரம் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இந்த மூன்றாவது பதில் மே, ஜூன் என்று நீண்டு சில ஆண்டுகளில் ஆகஸ்டு வரைக்கும் போகிறது. நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் தமிழ் வீடுகளில் இந்தக் காத்திருப்பை நெருக்கத்தில் பார்த்திருக்கிறேன். பட்டியலே கூடாது என்று சொல்லமாட்டேன். இன்று அது நடத்தப்படும் விதம் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்கிறது என்பது என் கருத்து.

முதலில் கல்லூரியின் பக்கத்து நியாயம். விடுதியில் 1,500 கட்டில்கள் இருந்தால் 1,500 பேருக்கு மட்டும் இடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. கூப்பிட்டவர்களில் எத்தனை பேர் வருவார்கள் என்று கணிக்க வேண்டும். ஹார்வர்டு கூப்பிட்டால் ஐந்தில் நான்கு பேர் போய்விடுகிறார்கள். நல்ல பெயர் எடுத்த பல கல்லூரிகளுக்குப் பாதிப் பேர்கூட வருவதில்லை. காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக ஒரே மாணவர் அதிகபட்சம் 20 கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். 2020-இல் கொரோனாவை ஒட்டிப் பல கல்லூரிகள் சாட் நுழைவுத்தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்று அறிவித்ததும் விண்ணப்பங்கள் மேலும் குவிந்தன. யார் எங்கே சேர்வார்கள் என்று சொல்வது அதனால் இன்னும் கடினமாகிவிட்டது.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் 2017 கோடையில் காட்டியது. எதிர்பார்த்ததைவிடச் சுமார் 800 பேர் கூடுதலாகச் சேர ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வகுப்பு தொடங்கச் சுமார் இரண்டு மாதமே இருந்த நேரத்தில், சுமார் 500 பேருக்குக் கொடுத்த இடத்தை வளாகம் ரத்து செய்தது. மதிப்பெண் சான்று உரிய தேதிக்குள் வந்து சேரவில்லை என்பது போன்ற காரணங்கள் சொல்லப்பட்டன. மாணவர்களும் பெற்றோரும் கொதித்தெழுந்த பிறகு வளாகத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டுப் பலரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். கொடுத்ததைப் பிடுங்குவதைவிட, அளவாகக் கொடுத்துவிட்டுக் காலியானதைப் பிறகு நிரப்புவது எவ்வளவோ மேல். காத்திருப்புப் பட்டியலுக்கு இதைவிட வலுவான நியாயம் இல்லை.

அந்த நிரப்புதல் மே 1-க்குப் பிறகு தொடங்குகிறது. அன்றைக்குள் மாணவர் ஏதாவது ஒரு கல்லூரிக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். முன்னணிக் கல்லூரி ஒன்று ஐம்பது பேரைப் பட்டியலிலிருந்து கூப்பிட்டால், அவர்கள் ஏற்கனவே பணம் கட்டிய கல்லூரிகளில் ஐம்பது இடம் காலியாகும். அவை தங்கள் பட்டியலைத் திறக்கும். அடுத்த அடுக்கில் காலியிடம் விழும். கோடை முழுக்க இந்தச் சங்கிலி ஓடுகிறது. வேறிடம் சேர ஒப்புக்கொண்ட மாணவரை மே 1-க்குப் பின் இழுக்கக் கூடாது என்று முன்பு ஒரு விதி இருந்தது. அமெரிக்க அரசின் நீதித்துறை நடத்திய விசாரணையை ஒட்டி 2019 செப்டம்பரில் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் அதைக் கைவிட்டது. மே 1 முன்பு போல உறுதியான எல்லையாக இல்லை.

இந்தச் சங்கிலியில் ஒரு பிள்ளையின் தகுதிக்கு எவ்வளவு பங்கு என்று பாருங்கள். ஸ்டான்ஃபோர்டு 2019-இல் தன் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டது 8 பேரை. மறு ஆண்டு, கொரோனாவால் யார் வருவார்கள் என்றே தெரியாத நிலையில், 250 பேருக்கு மேல் எடுத்தது. ஒரே ஆண்டில் பிள்ளைகளின் தரம் முப்பது மடங்கு உயர்ந்துவிடவில்லை. ஆனால் 2019-இல் காத்திருந்த பிள்ளை தனக்கு என்ன குறை என்று யோசித்துத்தான் இரவுகளைக் கழித்திருக்கும்.

குறைகளில் முதன்மையானது பட்டியலின் இருட்டு. நம் ரயில் டிக்கெட்டில்கூட ‘டபிள்யூஎல் 14’ என்று இருக்கும். நேற்று 22, இன்று 14, நாளை ஏறிவிடலாம் என்று கணக்குப் போடலாம். கல்லூரிப் பட்டியலில் பெரும்பாலும் எண்ணே கிடையாது. ஓபோ வாசிக்கத் தெரிந்தவர் வேண்டுமா, பொறியியலுக்கு ஆள் குறைகிறதா, முழுக் கட்டணம் கட்டுபவர் வேண்டுமா என்பதை அந்தந்த நேரத்துக் காலியிடம் தீர்மானிக்கிறது. அளவும் கட்டுக்குள் இல்லை. மிச்சிகன் போன்ற பெரிய பல்கலைக்கழகம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பட்டியலில் இடம் தந்திருக்கிறது. எத்தனை பேருக்குத் தந்தோம், எத்தனை பேரை எடுத்தோம் என்பதைப் பல கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்ற ஆண்டறிக்கையில் வெளியிடுகின்றன. சில அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகின்றன. பிள்ளைக்கு வரும் கடிதத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் இருப்பதில்லை.

எண் இல்லாத வரிசையில் சிபாரிசு நுழைவது எளிது. கலிஃபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் 2020 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நான்கு வளாகங்களில் 64 பேர் முறைகேடாகச் சேர்க்கப்பட்டதாகச் சொன்னது. பெர்க்லி வளாகத்தின் காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஒருவருக்காக ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர் நேரடியாகக் கடிதம் எழுதியதும், அந்த மாணவருக்கு இடம் கிடைத்ததும் அதில் பதிவாகியுள்ளன. அவருக்கு முன்னால் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்கவே வழியில்லை.

ஆட்சிக்குழுவில் ஆள் தெரியாத பிள்ளைகள் தங்கள் கடிதத்தைத் தாங்களே எழுதுகிறார்கள். ‘இன்னும் ஆர்வமாக இருக்கிறேன்’ என்று ஒரு பக்கத்தில் சொல்ல வேண்டும். புதிய மதிப்பெண், புதிய சாதனை இருந்தால் சேர்க்க வேண்டும். எங்களுக்கு வேண்டிய வீட்டில் ஒரு பெண் ஏப்ரல் முழுக்க இதைத் திருத்திக்கொண்டிருந்தாள். ‘இடம் கொடுத்தால் நிச்சயம் சேர்வேன்’ என்ற வரியை எழுதிவிட்டு, உதவித்தொகை எவ்வளவு என்று தெரியாமல் இப்படி எழுதலாமா என்று அம்மாவைக் கேட்டாள். அம்மாவிடம் பதில் இல்லை. மே 1 அன்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் சேரும் கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள். அவளும் முன்பணம் கட்டிய கல்லூரியின் சட்டையைப் போட்டாள், விலைச்சீட்டைக் கிழிக்காமல் கழுத்துக்குள் மடித்துவிட்டு. திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால் என்று அம்மாவிடம் சொன்னாளாம். அவள் காத்திருந்த இடத்திலிருந்து, பட்டியல் மூடப்பட்டது என்று ஜூன் கடைசியில் இரண்டு வரி வந்தது.

அந்த அம்மாவிடம் பதில் இல்லாததற்குக் காரணம் உண்டு. வழக்கமான சுற்றில் குடும்ப வருமானத்தைப் பார்க்காத கல்லூரிகளில் சில, பட்டியலிலிருந்து எடுக்கும்போது பார்க்கின்றன; வேறு சிலவற்றில் உதவித்தொகைப் பணம் அதற்குள் தீர்ந்திருக்கும். அழைப்பு வந்தால் யோசிக்க இரண்டு மூன்று நாள்தான். கட்டிய முன்பணம் திரும்ப வராது, புது இடத்துக்கு மறுபடி கட்ட வேண்டும். காசுள்ள வீட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. மற்றவர்களுக்குக் கதவு திறந்தும் திறக்காதது போலத்தான். சென்னையிலிருந்து விண்ணப்பித்த பிள்ளைக்கு ஜூலையில் அழைப்பு வந்தால் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் புதிதாக வாங்கி, தூதரகத்தில் விசா நேர்காணலுக்குத் தேதி தேட வேண்டும்.

பிரிட்டனில் ஒரு மாணவர் யூகாஸ் என்ற பொதுச் சேர்க்கை அமைப்பு வழியாக ஐந்து விண்ணப்பங்கள்தான் போடலாம். வந்த அழைப்புகளில் ஒன்றை உறுதியாகவும் ஒன்றைக் காப்பாகவும் வைத்துக்கொள்கிறார். அதனால் பல்கலைக்கழகங்களின் ஊகம் வெகுவாகக் குறைகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் விண்ணப்பக் குவியலைத் தங்கள் பெருமையாகக் கருதும்வரை அந்த வழிக்கு வராது. ஆனால் இன்றைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. வழக்கமாகக் காலியாகும் இடங்களைப் போல இரண்டு மூன்று மடங்கோடு பட்டியலை நிறுத்தலாம். கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேரை எடுத்தோம் என்பதையும், பட்டியல் மூடும் தேதியையும், உதவித்தொகை உண்டா இல்லையா என்பதையும் மார்ச்சில் அனுப்பும் அந்தக் கடிதத்திலேயே அச்சிடலாம். ‘கடந்த ஆண்டு எட்டுப் பேர்’ என்று படிக்கும் பிள்ளைகளில் பலர் அன்றைக்கே பட்டியலிலிருந்து விலகிக்கொள்வார்கள், தங்களுக்கு இடம் கொடுத்த கல்லூரியில் விடுதி அறைக்கு விண்ணப்பிப்பார்கள்.