எந்த விரல் வேணும்?

மைக்கேல் மூரின் ‘ஸிக்கோ’ (2007) டாக்குமென்டரியை இதுவரை பார்க்காதவர்கள் முதல் சில நிமிஷங்களுக்காகவாவது பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் இல்லாத ஓர் ஆசாமி, மரம் அறுக்கும்போது இரண்டு விரல் நுனிகளை இழக்கிறார். ஆஸ்பத்திரியில் ரேட் சொல்கிறார்கள். நடுவிரலை ஒட்ட 60,000 டாலர், மோதிர விரலுக்கு 12,000. மனுஷர் கணக்குப் போட்டு, மோதிர விரல் போதும் என்கிறார்.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இந்தக் காட்சி வேறு மாதிரி உறைக்கும். பவர் பிரஸ்ஸும் லேத்தும் ஓடுகிற பேட்டை அது. விரல் போவது அங்கே பேப்பர் செய்தியே இல்லை. ஆனால் பத்து கிலோமீட்டருக்குள் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி அங்கே வளர்த்தெடுத்த கை அறுவைசிகிச்சைப் பிரிவுக்கு உலக அளவில் பெயர். நசுங்கிய விரலை எல்லாம் காப்பாற்ற முடியாதுதான். ஆனால் ‘எந்த விரல் வேணும்?’ என்று கேட்பதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் விரலுக்கு விலைப்பட்டியல் கிடையாது.

மூர் அடுத்து கனடா, பிரிட்டன், பிரான்ஸ், கியூபா என்று சுற்றுகிறார். லண்டன் ஆஸ்பத்திரியில் கேஷியரைத் தேடிப் போனால், அவர் நோயாளிக்கு வழிச்செலவு கொடுக்க உட்கார்ந்திருக்கிறார்! தியேட்டரில் கைதட்டல் வாங்கும் இடம். படத்தின் பலவீனமும் இங்கேதான். வெளிநாடு என்றால் எல்லாமே சொர்க்கம். காத்திருப்பைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இலவச வைத்தியத்துக்கும் விலை உண்டு. அதை நேரமாகக் கொடுக்கிறோம்.

மூர் தொடாத கேள்வி இன்னொன்று: யார் பெயர் பதிவேட்டில் இருக்கிறது? பிரிட்டனின் என்.ஹெச்.எஸ். 1948-ல் ஆரம்பித்தது. நம் ஈ.எஸ்.ஐ. சட்டமும் அதே வருஷம்தான். அங்கே நாட்டில் வசிப்பவர் எல்லோருக்கும். இங்கே மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும், முதலாளி பெயர் எழுதிய தொழிலாளிக்கு மட்டும். பெயர் எழுதப்படாத கான்ட்ராக்ட் பையனுக்கு அரசு ஆஸ்பத்திரிதான் கதி. அதனால்தான் ‘பிரைவேட்டுக்கு விட்டுடலாமே சார்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கடைசியாக, படத்தில் இல்லாத ஒரு தகவல். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது. 108-க்கு போன் செய்துவிட்டு, கன்டெய்னர் லாரிகள் வழிவிட வேண்டிக்கொள்ளுங்கள்.