சுங்கை வே முதல் சன்வே வரை: பசுமைப் பூங்காவும் விடுபட்ட கருப்பொருளும்

பயன்பாடு இழந்த தொழில் நிலத்தை நகர்ப்புறப் பூங்காவாக மாற்றுதல் இன்று உலக நகரங்கள் பலவற்றின் திட்டங்களில் இடம்பெற்றுவிட்டது. வெப்பத்தைத் தணிக்கும் மரநிழல், மழைவெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் ஏரி, புள்ளினங்கள் தங்குவதற்குரிய புதர் என அதற்குக் கூறப்படும் காரணங்கள் ஏற்கத்தக்கவையே. பருவநிலை மாற்றம் என்னும் தொடர் நம் நாளிதழ்களில் புகுவதற்கு முன்னரே கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வகை மாற்றம் தொடங்கிவிட்டது. இங்கு மாற்றப்பட்டவை பெரும்பாலும் ஈயச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற குழிகள். நம்மவர் பேச்சில் அவை 'லம்பம்' எனப்படும். 'லொம்போங்' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு அது.

இம்மாற்றத்தைச் சூழலியல் நோக்கில் அணுகும் கட்டுரைகள் நம் கருத்தரங்குகளில் மிகுந்து வருகின்றன. கைவிடப்பட்ட சுரங்கத்தைப் பாலை என்றும், அதன்மேல் எழுந்த பூங்காவை முல்லை அல்லது மருதம் மீண்டதன் அடையாளம் என்றும் கூறும் வாசிப்பு அவற்றுள் அடிக்கடி தலைகாட்டுகிறது. கேட்பதற்கு இனிய வாசிப்புத்தான். ஆயினும் அது திணைக் கோட்பாட்டுக்கும் நேர்மை செய்யவில்லை. நிலத்துக்கும் நேர்மை செய்யவில்லை என்பது நம் கருத்து. சுங்கை வே வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

முதலில் பெயரை நோக்குவோம். 'சுங்கை' என்பது ஆறு. சுங்கை வே என்னும் பெயரில் ஆறு ஒன்று தெளிவாகக் குடியிருந்தது. இவ்வட்டாரத்தில் 1974ஆம் ஆண்டு ஜெப்ரி சியா ஈயச் சுரங்கத் தொழிலுக்கெனத் தொடங்கிய நிறுவனம் இவ்வூர்ப் பெயரையே தாங்கியிருந்தது. பின்னாளில் சுரங்கக் குழிகளும் கற்சுரங்கமும் கிடந்த ஏறத்தாழ 800 ஏக்கர் நிலம் நகரமாக வளர்ந்தபோது அப்பெயர் 'சன்வே' எனச் சுருங்கியது. ஆறு மறைந்தது, ஆங்கிலம் அறிந்தவர் செவியில் அவ்விடத்தில் கதிரவன் தோன்றினான். அவசர காலத்தில் உருவான சுங்கை வே புதுக்கிராமம் செரி செத்தியா ஆயிற்று. பெட்டாலிங் ஜெயாவின் முகவரிகளில் வரும் 'எஸ்.எஸ்.' என்னும் ஈரெழுத்து 'சுங்கை வே – சுபாங்' என்பதன் சுருக்கம் என்பதை அங்கேயே பிறந்து வளர்ந்த மாணவர் பலரும் அறியார். வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம்.

1990களின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட சன்வே லகூன் நீர்ப்பூங்கா பழைய சுரங்கக் குழிக்குள்ளேயே அமைந்தது. மேலிருந்து நோக்குவோர் கீழே ஆழத்தில் அதனைக் காண்பர். அந்த ஆழம் இயற்கை தந்த பள்ளத்தாக்கு அன்று, மனிதர் தோண்டியது. சற்றுத் தொலைவில் உள்ள கிளானா ஜெயா நகராண்மைப் பூங்காவின் ஏரிகளும் ஈயக் குட்டைகளே. முன்னது கட்டணம் செலுத்தி நுழையும் கேளிக்கை வெளி. பின்னது காலையில் முதியோர் நடைபயிலும் பொதுவெளி. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. ஆனால், தாம் எவ்வாறு தோன்றின என்பதை வருவோர் கண்ணுக்குப் புலப்படுத்தாமையில் இரண்டும் ஒத்தே நிற்கின்றன.

இக்குழிகள் எவ்வாறு உண்டாயின என்பதைச் சுருக்கமாகவேனும் கூற வேண்டும். சரளைப் பம்பு முறையில், விசையோடு பீய்ச்சப்பட்ட நீர் மண்சுவரைக் கரைத்தது. கரைந்த சேறு பம்பின் வழியே மேலேற்றப்பட்டு, 'பலோங்' எனப்பட்ட நெடிய மரச் சரிவில் ஓடவிடப்பட்டது. கனம் மிகுந்த ஈயமணல் தடுப்புகளில் தங்க, மணலும் களிச்சேறும் கீழே வழிந்தன. தொழில் முடிந்த இடத்தில் எஞ்சியவை ஆழ்ந்த குட்டையும் வெண்மணல் மேடும் சேற்றுப் படுகையுமாம். அம்மணல் சத்தும் ஈரமும் தங்காதது. வெயிலில் விரைந்து சூடேறுவது. அதன்மேல் மரம் நிழல்தரும் அளவு வளர வேண்டுமெனில், புறத்திலிருந்து மேல்மண் கொணரவேண்டும். அல்லது வறள்மண்ணிலும் வளரும் மரங்களை முதலில் நட்டுப் பல்லாண்டு காத்திருக்க வேண்டும். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் விலைதாங்கும் ஏற்பாடு சரிந்து விலை வீழ்ந்தபோது, எஞ்சியிருந்த சுரங்கங்களும் பெருமளவில் மூடப்பட்டன.

இதனைப் பாலை எனல் பொருந்துமா? சிலப்பதிகாரம் கூறும் பாலை, முல்லையும் குறிஞ்சியும் கோடையின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பெறும் வடிவம். மழை வந்தால் அது தன் பழைய நிலைக்கு மீளும். ஈயக்குட்டை கதிரவனால் திரிந்தது அன்று. உழைப்பாலும் மூலதனத்தாலும் திரிந்தது. அது வறண்டதும் அன்று, நீர் நிறைந்தது. எத்துணை மழை பெய்தாலும் அது பழைய காடாகாது. ஆகவே 'மீண்டது' என்னும் சொல்லே இங்குப் பிழையான சொல். ஒரு தொழில் நிலம் இன்னொரு செயற்கை நிலமாக ஆக்கப்பட்டுள்ளது என்பதே சரி.

இதனினும் முதன்மையானது வேறொன்று. தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை ஆகியவற்றோடு 'செய்தி'யையும் சேர்த்தே எண்ணுகிறது. செய்தி என்பது தொழில் என்பதை நாம் முதலாண்டு மாணவர்க்கே கற்பிக்கிறோம். நிலத்தின் அடையாளம் அங்கு வாழ்வோர் செய்யும் தொழிலாலும் அமைவது என்பதே இதன் கருத்து. இன்றைய பூங்காவில் மரம் உண்டு. அதன் பெயர்ப்பலகையும் உண்டு. புள் உண்டு, அதனைப் படம் பிடிப்போரும் உண்டு. செய்தி மட்டும் இல்லை. நம் ஆய்வாளரும் மரத்தையும் புள்ளையும் எண்ணிவிட்டுத் திணை முழுமையுற்றதாக எழுதிவிடுகின்றனர்.

தொழிலைக் காட்டிக்கொண்டே பூங்காவாதல் இயலாதது அன்று. ஜெர்மனியின் டூயிஸ்பெர்க் நகரில் 1985இல், ஈயம் வீழ்ந்த அதே ஆண்டில், மூடப்பட்ட மைடெரிக் இரும்பாலை 1994இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்த பீட்டர் லாட்ஸ் ஊதுலைகளை இடித்தாரல்லர். அவை துருவேறி இன்றும் நிற்கின்றன. மக்கள் அவற்றின்மேல் ஏறிப் பார்க்கின்றனர். பழைய கனிமக் கிடங்குச் சுவர்களில் மலையேற்றம் பயில்கின்றனர். கூரைகளில் விழும் மழைநீர் முன்பு கழிவு ஓடிய கால்வாய்க்குள் திருப்பப்படுகிறது. நம் நாட்டிலும் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் துவாலாங்கில், 1938இல் கட்டப்பட்டு 1982 வரை இயங்கிய ஈயம் வாரும் மிதவைக் கப்பல் ஒன்று காட்சிக்கெனக் காக்கப்பட்டுள்ளது. சுங்கை வேயில் ஒரு பலோங்கின் மரச்சட்டம்கூட நம் கண்ணில் படவில்லை.

இது வெறும் பழம்பெருமை பற்றிய ஏக்கம் அன்று. குட்டையின் வரலாற்றை அறியாதவர் அதன் நீரையும் தவறாகவே மதிப்பிடுவர். 2014இல் வறட்சியால் சிலாங்கூரில் குடிநீர்ப் பங்கீடு நடந்தபோது, முன்னாள் சுரங்கக் குட்டைகளின் நீர் ஆற்றில் சேர்க்கப்பட்டது. அந்நீரில் கன உலோகங்கள் கலந்திருக்குமோ என்னும் ஐயமும் உடன் எழுந்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியபோது, வெள்ளம் தாங்கும் குளங்களைப் பற்றி அனைவரும் பேசினர். படகோட்டும் அழகுக்காக விளிம்புவரை நிறைத்து வைத்த ஏரி, பெருமழை வரும் நாளில் கூடுதல் நீருக்கு இடம் தராது. அழகும் பாதுகாப்பும் ஒரே குட்டைக்குள் முரண்படும் இடம் இதுவே. பருவநிலைக்கு உகந்த பூங்கா எனப் பெயர் சூட்டுவோர் எத்துணை அடி நீரைக் குறைத்து வைப்பர் எனக் கேட்க வேண்டியவர் அவ்வட்டார மக்கள். அக்கேள்வி எழ வேண்டுமாயின், அந்த ஏரி என்னவாக இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழருக்கு இதில் என்ன என்று கேட்கப்படலாம். ஈயச் சுரங்கத் தொழிலாளருள் பெரும்பான்மையினர் சீனர். அதனை மறைத்து உரிமை கொண்டாடுதல் நம் நோக்கமன்று. ஆனால் குட்டைகளை அடுத்துக் கிடந்த ரப்பர்த் தோட்டங்களிலும், இருப்புப்பாதையிலும், பொதுப்பணித் துறையிலும் உழைத்தோர் நம்மவர். தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களானபோது அவர்களும் இடம்பெயர்ந்தனர். பூங்காவையும் அவர்களையும் எதிரெதிரே நிறுத்திய வழக்கொன்றும் உண்டு. கோலாலம்பூர் புக்கிட் கியாரா தோட்டத்தைச் சேர்ந்த குடும்பங்கள் 1980களில் நீள்வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. நிலையான வீடுகளுக்காக அவை காத்திருந்தன. அவ்வீடுகளைக் காரணங்காட்டி, அடுத்திருந்த ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் அடுக்குமாடிக் கோபுரங்களுக்கும் சேர்த்து அனுமதி வழங்கப்பட்டது. குடியிருப்பாளர் தொடுத்த வழக்கில் 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அவ்வனுமதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. பசுமை வென்றது, மகிழத்தக்கதே. எனினும் நீள்வீட்டாரின் நாற்பதாண்டுக் காத்திருப்பை அத்தீர்ப்பு முடித்துவைக்கவில்லை. மரங்களின் சார்பில் எழுந்த குரல்கள் ஏட்டில் நிறைந்துள்ளன. பால்வெட்டியோரின் குரலை அங்குத் தேடித்தான் எடுக்க வேண்டியுள்ளது.

மலேசியத் தமிழ்ப் புனைகதை தோட்டத்தை விரிவாகவே பதிந்துள்ளது. குட்டையைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை. கதைகளில் அது பெரும்பாலும் சிறுவர் மூழ்கி இறக்கும் இடமாகவோ, தற்கொலை நிகழும் கரையாகவோ வந்து மறைகிறது. 1985இல் இருபது வயதினராய்ச் சுரங்கத்தில் பணியாற்றியவர் இன்று அறுபதைக் கடந்தவர். லம்பம், பலோங், களிச்சேற்றுக்கும் மணல்மேட்டுக்கும் அவரவர் வழங்கிய பெயர்கள், சங்கு ஒலித்த நேரங்கள் ஆகியவை இன்னும் அவர்தம் வாய்மொழியில் உள்ளன. இளங்கலை மாணவரின் களப்பணி ஏடுகளில் ஆண்டுதோறும் தாலாட்டும் ஒப்பாரியும் திரட்டப்படுகின்றன. கிளானா ஜெயா ஏரிக்கரையில் காலை ஏழு மணிக்கு நடைபயில வரும் அம்முதியோரிடம், ஒலிப்பதிவுக் கருவியோடு எவரும் சென்றதாகத் தெரியவில்லை.