குனிவதும் பதுங்குவதும் ஒன்றா? – ஒரு சொற்பட்டியலைப் பற்றிய விமர்சனம்



உலு திராமில் படிவம் 4 மாணவி ஒருத்தி ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதிக் கொண்டு வந்தாள். கதையில் ஒரு பாட்டி. ஒரு காலத்தில் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இப்போது முதுகு வளைந்துவிட்டது. அந்த முதுகோடு மெல்ல நடந்து தினமும் கோயிலுக்குப் போகிறார். அந்த நடையைச் சொல்ல மாணவி போட்டிருந்த சொல் ‘கிரௌச்’. ஆங்கிலம் அறிந்த ஒருவர் அதைப் படித்தால், பாட்டி யாருக்கோ பயந்து, முழங்காலை மடக்கி, புதர் மறைவில் ஒளிந்து ஒளிந்து கோயிலுக்குப் போவதாக நினைப்பார். அங்கே வந்திருக்க வேண்டிய சொல் ‘ஸ்டூப்’.

“ஏம்மா இந்தச் சொல்லைப் போட்டே?” என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்து ஒரு சொற்பட்டியலைக் காட்டினாள். “ரெண்டுக்குமே ‘குனி’ன்னுதான் டீச்சர் போட்டிருக்கு. இது கொஞ்சம் பெரிய சொல்லா தெரிஞ்சது, புள்ளி கிடைக்கும்னு எழுதினேன்.”

பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பட்டியலை நம்பினாள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல் என்று ஓடும் இந்த மாதிரிப் பட்டியல்கள் புலனக் குழுக்களில் தினமும் சுற்றுகின்றன. நாமும் தயாரிக்கிறோம், நாமும் அனுப்புகிறோம். அந்த வடிவத்தைப் பற்றியதுதான் இந்த விமர்சனம். இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பட்டியல் எதை விழுங்கிவிடுகிறது என்று பார்ப்போம்.

எந்த இடத்தில் வளைகிறது?

முதல் வேறுபாடு உடம்பில் இருக்கிறது. ‘ஸ்டூப்’ என்றால் வளைவது இடுப்பும் முதுகும். தலையும் தோளும் முன்னால் வரும். கால்கள் ஏறக்குறைய நேராகவே இருக்கும். தாழ்வான வாசலில் உயரமான ஒருவர் நுழைவது இப்படித்தான். வயதாகி முதுகு நிரந்தரமாக வளைந்துவிட்டாலும் இதே சொல்தான், அப்போது பெயர்ச்சொல்லாகவும் வரும். நம் வழக்கில் அதைக் ‘கூன்’ என்கிறோம்.

‘கிரௌச்’ என்றால் மடங்குவது முழங்கால். உடம்பு முழுவதும் சுருங்கித் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் உட்கார்ந்து ஓய்வெடுப்பது இல்லை. கால்களில் ஒரு விறைப்பு இருக்கும், எந்த நேரமும் எழுந்துவிடலாம். பாதம் முழுவதும் தரையில் பதிய, சாவகாசமாகக் குந்தி உட்கார்ந்தால் அது பெரும்பாலும் ‘ஸ்குவாட்’ ஆகிவிடும்.

மாணவர்களுக்கு ஒரு வரியில் சொல்ல வேண்டுமா? முதுகைப் பார்த்தால் ‘ஸ்டூப்’, முழங்காலைப் பார்த்தால் ‘கிரௌச்’.

பால் மரம் சொல்லித் தரும் பாடம்

இதைப் படம் வரைந்து விளக்கலாம். நம் வட்டாரத்தில் அதைவிட நல்ல விளக்கம் ரப்பர் மரம். முதல் வெட்டு வழக்கமாகத் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொடங்கும். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் பட்டை ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவப்படும். அதனால் வெட்டுக்கோடு மாதத்துக்கு மாதம் கீழே இறங்கும். கோடு மேலே இருக்கும்வரை வெட்டுகிறவர் நிமிர்ந்து நிற்கலாம். இடுப்புக்குக் கீழே வந்துவிட்டால் குனிய வேண்டும். அடிமரத்துக்கு வந்துவிட்டால் குனிந்தும் பயனில்லை. முழங்காலை நன்றாக மடக்கித்தான் உளியை ஓட்ட முடியும். அதே மரம், அதே கை, அதே உளி. நிலை மட்டும் மூன்று: நிற்பது, ‘ஸ்டூப்’, ‘கிரௌச்’.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இன்னும் எளிது. குனிந்து பொறுக்குகிறவரும் உண்டு, குந்திப் பொறுக்குகிறவரும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் யார் எப்படி வேலை செய்தார் என்பது வாசகருக்குத் தெரியாது.

இந்த வேறுபாடு வெறும் அகராதி விஷயம் இல்லை என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று இருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்தே செய்யும் வயல் வேலைக்கு அங்கே ‘ஸ்டூப் லேபர்’ என்றே பெயர். கலிபோர்னியா வயல்களில் குட்டைப் பிடி போட்ட மண்வெட்டியைக் கொடுத்து வேலை வாங்கினார்கள். பிடி குட்டை என்பதால் குனியாமல் அதைப் பயன்படுத்தவே முடியாது. தொழிலாளர்களின் முதுகு கெட்டுப்போனது. வழக்கு நடந்து, 1975-இல் அந்தக் கருவி அந்த மாநிலத்தில் தடை செய்யப்பட்டது. ஆக, ‘ஸ்டூப்’ என்ற சொல்லுக்குள் உழைத்து வளைந்த முதுகு இருக்கிறது. மாணவியின் கதைப் பாட்டிக்குப் பொருத்தமான சொல் அது. ‘கிரௌச்’ போட்டதும் அந்த உழைப்பு கதையிலிருந்து காணாமல் போய்விட்டது.

அடுத்து என்ன நடக்கப் போகிறது?

இரண்டாவது வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. குனிந்தவர் குனிந்த காரியம் முடிந்ததும் நிமிர்ந்துவிடுவார். ‘கிரௌச்’ நிலையில் இருப்பவரோ எதற்கோ காத்திருப்பார்: பாய்வதற்கு, ஒளிந்துகொள்வதற்கு, அல்லது ஓர் ஆபத்து கடந்துபோவதற்கு.

இங்கேதான் நம் தமிழ் கைகொடுக்கிறது. புலி பதுங்குவது பாய்வதற்கே என்கிறோம். குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள் என்கிறோம். முதல் பழமொழியில் ‘குனிவது’ என்று மாற்றிப் பாருங்கள். புலி ஏதோ கீழே விழுந்ததைப் பொறுக்குகிறது! இரண்டாவதில் ‘பதுங்குகிறவன்’ என்று போட்டால் அவன் முட்டாளாக இல்லாமல் கெட்டிக்காரனாகிவிடுகிறான். பட்டியல் ஒன்றாக்கிய இரண்டையும் நம் பழமொழிகள் எப்போதோ தனித்தனியாக வைத்துவிட்டன.

திருக்குறளிலும் இது உண்டு. காலமறிதல் அதிகாரத்தின் 486-ஆம் குறளை நினைவுபடுத்துங்கள். ஊக்கம் உள்ளவன் காலம் பார்த்து அடங்கியிருப்பது, சண்டைக்கடா தாக்குவதற்காகப் பின்வாங்குவதைப் போன்றது என்கிறார் வள்ளுவர். அதற்கு அவர் எடுத்த சொல் ‘ஒடுக்கம்’. பின்வாங்கும் கடாவைத் தோற்றுப்போனதாக யாரும் நினைக்கக் கூடாது.

திடலுக்கு வாருங்கள். விரைவோட்டத்தில் பிள்ளைகள் இரு கைகளையும் தரையில் ஊன்றி, முழங்காலை மடக்கித் தொடங்குகிறார்களே, அதற்கு ஆங்கிலத்தில் ‘கிரௌச் ஸ்டார்ட்’ என்று பெயர். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான தாமஸ் பர்க் அப்படித் தொடங்கித்தான் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்றார். மலாயில் அதை ‘பெர்முலான் டெகாம்’ என்று உடற்கல்விப் பாடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ‘டெகாம்’ என்பதும் ‘பொங்கோக்’ என்பதும் வேறு வேறு என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். மும்மொழி தெரிந்த பிள்ளைக்கு நாம் ஒற்றைச் சொல் பட்டியலைக் கொடுத்து, தெரிந்ததையும் மறக்கடிக்கிறோம்.

‘அந்த அளவுக்கு இறங்கிட்டானா?’

மூன்றாவது வேறுபாடு மதிப்பில் இருக்கிறது. ‘ஸ்டூப்’ என்ற சொல்லுடன் ‘டு’ சேர்ந்து வந்தால், ஒருவர் தம் தரத்துக்குக் குறைவான செயலில் இறங்கிவிட்டார் என்று பெரும்பாலும் பொருள்படும். பொய் சொல்லும் அளவுக்கு, ஏமாற்றும் அளவுக்குத் தாழ்ந்துவிட்டார் என்ற கண்டிப்பு அதில் இருக்கும். “அந்த அளவுக்கு இறங்கிட்டானா?” என்று நாம் பேச்சில் கேட்கிறோமே, அதேதான். ‘கிரௌச்’ சொல்லுக்கு இந்தப் பயன்பாடு இல்லை.

ஆனால் எப்போதும் கண்டிப்புதான் என்றும் நினைக்க வேண்டாம். ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் ‘ஷீ ஸ்டூப்ஸ் டு காங்கர்’ நாடகம் 1773-இல் லண்டனில் மேடையேறியது. கதாநாயகி கேட் வசதியான வீட்டுப் பெண். அவளைப் பெண் பார்க்க வரும் மார்லோ, தனக்குச் சமமான குடும்பத்துப் பெண்களிடம் பேசவே கூச்சப்படுகிறவன். பணிப்பெண்களிடம் மட்டும் தாராளமாகப் பேசுவான். அதனால் கேட் தன்னை விடுதிப் பணிப்பெண்ணாகக் காட்டிக்கொண்டு அவன் மனத்தை வெல்கிறாள். இந்தத் தலைப்பைப் பட்டியலை வைத்து மொழிபெயர்த்தால் ‘அவள் குனிந்து வென்றாள்’ என்று வரும். ஏதோ மல்யுத்தம் போல இருக்கும். ‘பதுங்கி வென்றாள்’ என்றால் துப்பறியும் கதை. ‘தாழ்ந்து வென்றாள்’ என்றால்தான் நாடகம் புரிகிறது.

இன்னோர் எச்சரிக்கை. ‘தலைகுனிவு’ என்பதைப் பார்த்து ‘ஸ்டூப்’ எழுதிவிடாதீர்கள். தலைகுனிவு என்பது பிறர் முன் அடையும் வெட்கம். ‘ஸ்டூப்’ என்பது தானே இறங்கிச் செய்யும் செயல். தன் மகன் செய்த தப்பால் அப்பாவுக்குத் தலைகுனிவு வரலாம்; அப்பா எந்தத் தரத்திலிருந்தும் இறங்கவில்லை.

குறை எங்கே?

பட்டியலுக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கருத்துணர்தல் பகுதியில் தெரியாத சொல்லைப் பார்த்துத் திகைத்து நிற்கும் பிள்ளைக்கு ‘குனி’ என்ற ஒரு பிடி கிடைத்தால் போதும். வாக்கியத்தைக் கடந்து போய்விடுவான். வாசிப்பதற்குப் பட்டியல் உதவும். எழுதுவதற்கு உதவாது. எஸ்.பி.எம். 1119 இரண்டாம் தாளின் மூன்றாம் பகுதியில் கதையைத் தேர்ந்தெடுக்கிற மாணவர் 200 முதல் 250 சொற்களுக்குள் ஒரு மனிதரைக் கண்முன் நிறுத்தியாக வேண்டும். அங்கே ஒரு தவறான வினைச்சொல் மொத்தக் காட்சியையும் கெடுத்துவிடும்.

பட்டியலைவிடப் பெரிய குறை ஒன்று நம்மிடம் இருக்கிறது. தமிழ்க் கட்டுரையில் ஒரு பிள்ளை ‘குந்தினான்’ என்று எழுதினால் நம்மில் பலர் ‘கொச்சை’ என்று அடித்து ‘அமர்ந்தான்’ என்று திருத்துகிறோம். ‘குந்துதல்’ சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் இடம்பெற்ற சொல். நாற்காலியில் இருப்பதும் அமர்தல், பாயில் இருப்பதும் அமர்தல், மரத்தடியில் குந்தியிருப்பதும் அமர்தல் என்றால் தமிழும் ஒற்றைச் சொல் பட்டியலாகிவிடுகிறது. குனி, கூனு, குந்து, பதுங்கு, ஒடுங்கு, பம்மு என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளையிடமிருந்து அந்தச் சொற்களை நாமே பிடுங்கிவிட்டு, ஆங்கிலத்தில் நுட்பம் இல்லையே என்று வருத்தப்படுவதில் என்ன பயன்?

அதற்காகப் ‘பதுங்கு’ என்பதை ‘கிரௌச்’ சொல்லுக்கு நேராக எழுதிப் புதுப் பட்டியல் போட்டுவிடவும் கூடாது. நின்றுகொண்டே தூணுக்குப் பின்னால் பதுங்கலாம். அது ‘கிரௌச்’ ஆகாது. அழுகிற குழந்தையின் உயரத்துக்கு இறங்கிப் பேசுகிற மருத்துவர் ‘கிரௌச்’ செய்கிறார், அவர் பதுங்கவில்லை. பயந்த பிள்ளை என்றால் ‘ஒடுங்கினான்’, திருடன் என்றால் ‘பதுங்கினான்’, மருத்துவர் என்றால் ‘குந்தினார்’. இடம் பார்த்துத்தான் சொல்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

கீழ்க்காணும் காட்சிகளை மாணவர்கள் முதலில் நடித்துக் காட்டட்டும். பிறகு தமிழ்ச் சொல், அதற்குப் பிறகு ஆங்கிலச் சொல்.

1. உயரமான மாமா, தாழ்வான வாசலில் தலை இடிக்காமல் நுழைகிறார்.
2. பூனை எலி வளைக்கு முன்னால் அசையாமல் காத்திருக்கிறது.
3. இடிச் சத்தம் கேட்டுத் தம்பி மேசைக்கு அடியில் சுருண்டிருக்கிறான்.
4. வாதத்தில் தோற்றவர், எதிராளியின் குடும்பத்தை இழிவாகப் பேசத் தொடங்குகிறார்.
5. ஆசிரியர் கீழே விழுந்த பேனாவை எடுக்கிறார்.

விடை: முதலாவதும் நான்காவதும் ‘ஸ்டூப்’. இரண்டாவதும் மூன்றாவதும் ‘கிரௌச்’. ஐந்தாவதற்கு ஒரே விடை இல்லை. ஆசிரியர் இடுப்பை வளைத்தாரா, முழங்காலை மடக்கினாரா என்று நடித்த மாணவரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த ஐந்தாவது கேள்வியில் வகுப்பு சண்டை போட்டுக்கொண்டால் பாடம் நன்றாகப் போகிறது என்று பொருள்.

அந்த மாணவியிடம் நான் சொல்லைச் சொல்லிக்கொடுக்கவில்லை. “உங்க பாட்டி எப்படி நடப்பாங்கன்னு நடந்து காட்டு” என்றேன். நாற்காலியை விட்டு எழுந்தாள். இரண்டு அடி எடுத்து வைத்தாள். முழங்கால் மடங்கவில்லை, முதுகுதான் வளைந்தது. அவளே நின்றுவிட்டாள். “கூன், டீச்சர். குனியிறது வேற, கூன் விழுந்தது வேற” என்றாள். பிறகு ‘கிரௌச்’ சொல்லை அடித்துவிட்டு, பாட்டிக்கு எத்தனை வருஷம் மரம் வெட்டி முதுகு வளைந்தது என்று ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதினாள். கதையில் நல்ல வாக்கியம் அதுதான்.